மழைக்குள்ள எங்கள மண்டூருக்குக் கொண்டு சேர்த்த எல்லாருக்கும்

நன்றி எண்டு ஒரு வரி போட்டுட்டு விடுவம் எண்டுதான் இருந்தன், ஆனா போன முறை அப்பிடி ஒரு வரியில முடிச்சதுக்கு வீட்டில வாங்கிக் கட்டினது இன்னும் காதுக்குள்ள கிடக்கு, விடியச்சாமம் எழும்பி தேங்காய் துருவினது ஆரு, பேர் வாங்கினது ஆரு எண்டு வீட்டுக்காரி கேட்டா. அதால இந்த முறை நீளமாத்தான் எழுதுறன். பொறுமை இல்லாத ஆக்கள் நேரா கடைசிப் பந்திக்குப் போங்க, அங்க ஒரு ரெயின்கோட் விசயம் இருக்கு.

எங்களத் தெரியாத ஆக்களுக்கு. நாங்க மட்டக்களப்பு ஆக்கள், சங்கம் ஒண்டும் இல்ல, பதிவும் இல்ல, தலைவர் செயலாளர் சண்டையும் இல்ல. பென்சன் எடுக்கிற 14 பேர், 14 பழைய மோட்டச்சைக்கிள், அவ்வளவுதான். தபால் கந்தோரில இருந்த அண்ணனிட்ட ஹொண்டா எம்டி 90, அது ஜப்பான்ல தபால்காரருக்கெண்டே செஞ்ச சைக்கிள், கடல் தாண்டி வந்தும் தபால்காரர்ட்டயே மாட்டிப் போச்சு. பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) ஐயாட்ட ஒரு ஹொண்டா சாலி, 2004 சுனாமிக்குப் பொறகு டச்பார் கடற்கரை மண்ணுக்குள்ள ஹேண்டில் மட்டும் தெரிய கிடந்தத தோண்டி எடுத்து ரெண்டு வருசமா கழுவிக் கழுவி உயிர் குடுத்தது. பஸ் டிப்போ டிரைவரா இருந்த காத்தான்குடி காக்காட்ட (முஸ்லிம் அண்ணன்மார காக்கா எண்டுதான் சொல்லுறது) ஒரு சிடி 200. என்னட்ட பெண்லி, அதப் பத்தி கீழ வரும், நல்லதா ஒண்டும் வராது.

நத்தாருக்கும் (கிறிஸ்மஸ்) பொங்கலுக்கும் நடுவில ஒரு நாள் எல்லாரும் ஒண்டா வெளிக்கிடுறது எங்கட வழக்கம். கனடாவில இருக்கிற என்ட மகன் சிரிக்கிறான், அங்க மாரி வந்தா மோட்டச்சைக்கிளுக்குப் போர்வை போட்டு மூடி வச்சிடுவாங்களாம், நீங்க மாரி வந்தாத்தான் வெளிய எடுக்கிறீங்க எண்டு. என்ன செய்ய, மட்டக்களப்பில மழையும் மார்கழியிலதான், பெருநாளும் மார்கழியிலதான், லீவில பிள்ளையள் பேரப்பிள்ளையள் வாறதும் அப்பத்தான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி கிழமைக்கு 4 லீட்டர் அடிச்ச காலத்திலயும் மிச்சம் பிடிச்சுப் பிடிச்சு ஓடினம். ஆனா மார்கழி (டிசம்பர்) 26, சுனாமி வந்த நாள், அண்டைக்கு மட்டும் எடுக்கிறல்ல. அண்டைக்கு காலம 9.25க்கு எல்லாரும் அவரவர் வீட்டு ஆக்களோட கடற்கரையில நிப்பம், எங்கட 14 பேருக்குள்ள ஆறு வீட்டில விளக்கு வைக்க ஆள் இருக்கு.

இந்த முறை 28ஆம் தேதி எண்டு முடிவெடுத்து டவுனுக்குள்ள ஒரு மண்டபத்துக்கு அட்வான்ஸும் கட்டினம். ரெண்டு நாளைக்கு முன்னால போன் வருது, வேற ஆக்களுக்கு குடுத்திட்டமாம், காசில பாதிதான் திரும்பித் தரலாமாம். ஆரு எண்டு எழுதல்ல, அவங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்திலதான் முதல் நன்றி. மண்டூர் மாஸ்டர்ட மகள், நீ எப்பிடிக் கேள்விப்பட்டியோ தெரியாது, அண்டு இரவே போன் எடுத்து "மாமா, எல்லாரும் இஞ்ச வாங்க, அப்பா உங்கட சத்தம் கேட்டு ஒரு வருசம் ஆச்சு" எண்டு சொன்னாய். மாஸ்டர்தான் இந்தக் கூட்டத்தைத் தொடங்கினவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததுக்குப் பொறகு நாங்க ஒவ்வொருத்தரா பஸ்ஸில போய் பார்த்திட்டு வந்தம், மோட்டச்சைக்கிள்ல போகல்ல, அவருக்கு மனம் நோகும் எண்டு நாங்களா நினைச்சுக்கொண்டம். நாங்க நினைச்சது பிழை எண்டு நீ சொல்லித்தான் தெரியும்.

காலம ஆறரைக்கு பழைய கல்லடிப் பாலத்தடியில கூடினம், 1924ல திறந்த பாலம், எங்கட கூட்டத்தில எல்லாரையும் விட வயசு கூடின ஆள் அதுதான். ஆரையம்பதி வரைக்கும் தூறல். கிரான்குளம் தாண்டினதும் வானம் பிளந்து கொட்டத் தொடங்கிச்சு, முன்னால போற ஆள்ட பின் லைட் கூடத் தெரியல்ல, மறுகா நான் எதிர்பார்த்த மாதிரியே என்ட பெண்லி டுப் டுப் எண்டு இருமி நிண்டுட்டு. பிளக்குக்குப் பொறி குடுக்கிற பொயின்றுக்குள்ள தண்ணி.

அந்த ரோட்டோர பெட்டிக்கடை அக்கா, உங்கட பேரும் கேக்கல்ல நாங்க. கடைக்குள்ள அரிசி மூட்டைய அங்கால தள்ளிப் போட்டு சைக்கிள உள்ளுக்கு எடுக்கச் சொன்னீங்க, துவாய் தந்தீங்க, இஞ்சி போட்டு பிளேன்டீ ஊத்தித் தந்தீங்க, 14 கிழவனுகள் சொட்டச் சொட்ட நிண்டு கடைய சேறாக்கினத்துக்கு ஒரு முகம் சுழிக்கல்ல. எங்களோட வந்த கராஜ் தம்பி அங்கயே குந்தி இருந்து பொயின்ற் மூடியக் கழட்டி, ஊதி, துடைச்சு, "ஆரிட்டயும் பஸ் டிக்கட் இருக்கா" எண்டு கேட்டான். டிப்போ காக்கா பர்ஸுக்குள்ள இருந்து ஒண்டு எடுத்து நீட்டினாரு, ரிட்டையராகி எத்தின வருசம், இன்னும் பர்ஸுக்குள்ள டிக்கட் வச்சிருக்கிறாரு மனுசன். அத மடிச்சு பொயின்ற் நடுவில விட்டு மெல்ல ரெண்டு தரம் இழுத்தான், கறுப்பா ஒரு கோடு டிக்கட்டில விழுந்திச்சு. கொயிலுக்கு மேலால சொப்பிங் பேக்கப் போட்டு ரப்பர் பேண்டால கட்டினான். மூண்டாவது கிக்கில பத்திச்சு. தம்பி, கூலி வாங்க மாட்டன் எண்டு நிண்டாய், உன்ட அம்மாட்ட குடுத்திருக்கு, அவட்ட கேட்டு வாங்கு.

களுதாவளையில வெத்தில வாங்க நிண்டதெல்லாம் சின்னக் கதை, விடுறன். குருமண்வெளித் துறையடிக்கு நாங்க போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிந்திப் போச்சு. வெளியூர் ஆக்களுக்கு பாதை எண்டா ரோட்டு, நம்மட பக்கம் பாதை எண்டா வாவியில மிதக்கிறது. 2014ல பாலம் வந்த பொறகு மண்முனையில பாதை நிண்டு போச்சு, குருமண்வெளியில இருந்து மண்டூருக்கு இன்னும் அதிலதான். காத்துக்குள்ள பலகை எல்லாம் ஈரம், காலே வழுக்குது, இதில மோட்டச்சைக்கிள எப்பிடி ஏத்துற? பாதைக்கார தம்பிமார் ரெண்டு பேர் சாக்கு நனைச்சு பலகையில விரிச்சு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தனா பிடிச்சு, பிள்ளையக் கைபிடிச்சுக் கொண்டுபோற மாதிரி ஏத்தினாங்க. ரெண்டு நடை. பிஎச்ஐ ஐயா சாலிய விட்டு கைய எடுக்கமாட்டன் எண்டு நிண்டதும், "ஐயா நீங்க விழுந்தா ரெண்டையும் நாங்கதான் எடுக்கணும், அங்கால போய் இருங்க" எண்டு அவன் அதட்டினதும் வேற. அந்த அதட்டலுக்கும் சேத்து நன்றி தம்பி.

சாப்பாட்டுக்கு வாறன், இல்லாட்டி வீட்டுக்குள்ள போகேலாது. திருவெம்பாவைக் காலம், மாஸ்டர் வீடு கோயில் பக்கம், அந்த அடுப்பில மச்சம் (மீன், இறைச்சி) ஏத்த மாட்டாங்க. எங்களில பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் நத்தார் சாப்பாட்டில இருந்து இன்னும் எழும்பாத ஆக்கள். பக்கத்து வீட்டு மாமி தன்ட முத்தத்தில தகரக் கொட்டில் போட்டு அங்க நண்டும் கோழியும் வேற சட்டியில ஏத்திட்டா, கோழி காத்தான்குடியில அறுத்து எடுத்துக்கொண்டு போனது, அதால காக்காவும் யோசிக்காம சாப்பிட்டாரு. இஞ்சால சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயத்தங்காய், அப்பளம், சட்டித் தயிர். வேலிக்கு இந்தப் பக்கம் சைவம், அந்தப் பக்கம் மச்சம், நடுவில வேலிப் பொட்டுக்குள்ளால பேரப்பிள்ளையள் ரெண்டு பக்கமும் ஓடி ஓடிச் சாப்பிட்டதுகள். எங்கட கூட்டத்து டச்பார் அங்கிள் வீட்டில இருந்து வந்த கேக், அதுக்கு தனி மடல் எழுதலாம். முந்திரி ஊற வச்சது எப்ப எண்டு கேட்டன், ஐப்பசியில எண்டாங்க. அவர் வயலின எடுத்து வாசிச்சதும் தபால் அண்ணன் ஆடினதும் வீடியோவில இருக்கு, அண்ணன் அத அழிக்கச் சொல்லி கேட்டுக்கொண்டே இருக்கிறாரு, நாங்க அழிக்கல்ல.

இனி மாஸ்டர்ட சிஜி 125. விறாந்தையில துணி போட்டு மூடி நிண்டது. கராஜ் தம்பி பழைய பெற்றோல வடிச்சு, பிளக்க மாத்தி, கிக்கர் அடிச்சான். அஞ்சாறு அடியில புகை கக்கிக்கொண்டு பிடிச்சிட்டு. மாஸ்டர் கதிரையில இருந்தவரு கண்ண மூடிட்டாரு. அழுறாரோ எண்டு நாங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிக்கம், அவர்ட இடது கை கதிரைக் கையில தட்டத் தொடங்கிச்சு, எஞ்சின் சத்தத்துக்கு சரியா, டக் டக் டக் எண்டு. கொஞ்ச நேரத்தால தட்டுறது நிண்டு. வாய் கோணி, கஸ்டப்பட்டு, ஒரே ஒரு சொல்லு. "டெப்பட்."

ஒரு வருசத்துக்கு மேல வீட்டு ஆக்கள்ட பேரச் சொல்லவே பாடுபடுற மனுசன்.

தம்பி காத வச்சுக் கேட்டான், ஓம், டெப்பட், அதாவது வால்வு இடைவெளி, கூடித்தான் கிடந்தது. ஆனா எஞ்சின் சூட்டோட செட் பண்ண ஏலா, ஆறணும். ஆறும் வரைக்கும் சாப்பிட்டம், கதைச்சம், 1978 கார்த்திகை (நவம்பர்) 23 சூறாவளிக்கு அடுத்த நாள் மாஸ்டர் மண்டூரில இருந்து டவுனுக்கு விழுந்த தென்னைக்கு மேலால சைக்கிள தூக்கித் தூக்கிப் போன கதைய அவருக்காக தபால் அண்ணன் சொன்னாரு, பிழையாச் சொன்ன இடத்தில எல்லாம் மாஸ்டர் கைய ஆட்டினாரு. மறுகா மூடியத் திறந்து இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டு செட் பண்ணி ஸ்டார்ட் பண்ணினான். மாஸ்டர் திரும்பவும் கண்ண மூடி தட்டினாரு, இந்த முறை நிப்பாட்டல்ல.

மகளே, நீ அப்ப குசினிக்குள்ள ஓடிட்டாய், நான் கண்டன், உனக்குத்தான் பெரிய நன்றி.

திரும்பி வெள்ளாவெளி, கொக்கட்டிச்சோலை சுத்தி மண்முனைப் பாலத்தால வந்தம், பாலத்தில நிக்க மழை விட்டு மேற்கால கொஞ்சம் வெளிச்சம். வயல் எல்லாம் குடலையில (கதிர் வெளிய வர முந்தின பருவம்) நிக்கு, தண்ணி கூடிப் போகாம இருந்தா தையில நல்ல பொங்கல். மாஸ்டர் வீட்டுப் பொங்கலுக்கும் வரச் சொல்லி இருக்கிறாங்க, இந்த முறை பாலத்தாலயே போறம், பாதைத் தம்பிமார் கோவிக்க வேணாம்.

ரெயின்கோட்: நீலக் கலர், இடது கை தையல் விட்டது, பாதையில கிடந்தெண்டு தம்பிமார் எடுத்து துறையடித் தேத்தண்ணிக் கடையில குடுத்திருக்கிறாங்க. எங்கள்ல ஒருத்தரும் தன்ட இல்ல எண்டுறாங்க. பொக்கட்டுக்குள்ள மூக்குக் கண்ணாடியும் பாதி தின்ட கேக் துண்டும் இருக்காம். டச்பார் அங்கிள், உங்கட கண்ணாடி எங்க?

கல்லடி, பெண்லிக்காரன்