அடுக்குமாடி வரட்டும்: சாந்தா கிளாரா கவுண்டித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவில் சான் ஹோசே, சன்னிவேல், குப்பர்டினோ, மவுண்டன் வியூ பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். நம் தெருக்களில் மறுபடியும் ஒரு மனு சுற்றுகிறது. பக்கத்து மனையில் ஐந்து மாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம், அதைத் தடுக்கக் கையெழுத்து வேண்டுமாம். வாட்ஸப்பில் வந்தவுடன் பலரும் போட்டுவிட்டீர்கள். இன்னும் போடாதவர்கள் தயவுசெய்து போடாதீர்கள். போட்டவர்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கவுண்டியின், அதாவது நம் மாவட்டத்தின், பொருளாதாரம் என்றதும் ஆப்பிள், கூகுள், என்விடியா என்றுதான் நமக்கு வாயில் வருகிறது. சரி, பணம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சுமார் 19 லட்சம் பேர் வாழும் இடம் மென்பொருள் எழுதுகிறவர்களால் மட்டும் ஓடாது. இரவில் நம் அலுவலகக் கழிவறையைக் கழுவுகிறவர், மதியம் கேன்டீனில் பரிமாறுகிறவர், ஊரிலிருந்து வந்த அம்மா வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தூக்கி உட்காரவைத்தவர் எல்லோரும் இதே கவுண்டியில்தான் வேலை பார்க்கிறார்கள். குடியிருக்கத்தான் இடமில்லை.

என் மகள் போகும் டே கேரில் ஒரு அம்மா வேலை பார்க்கிறார். வீடு கவுண்டிக்கு வெளியே, லாஸ் பானோஸ் என்ற ஊரில். விடியுமுன் கிளம்பி, பச்சேகோ கணவாயைத் தாண்டி 152-ஆம் நெடுஞ்சாலையில் வருகிறார். மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் காருக்குப் போய், முன் கண்ணாடியில் வெயில் தடுப்பை விரித்து, சீட்டைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். போனில் அலாரம் அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து டயப்பர் மாற்றத் தொடங்குவார். தன் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதை வார நாட்களில் அவர் பார்ப்பதே இல்லை.

அவர் ஒருவர் மட்டுமில்லை. ஸ்டாக்டனிலிருந்து சான் ஹோசேக்கு வரும் ஏஸ் என்ற பயணிகள் ரயிலின் முதல் வண்டி காலை நாலரைக்கு முன்பே கிளம்பிவிடும். வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல் கமினோ ரியலில் பாலோ ஆல்டோவுக்கும் ஈஸ்ட்ரிட்ஜுக்கும் நடுவே ஓடும் 22-ஆம் எண் பேருந்துக்கு ‘ஹோட்டல் 22’ என்றே பெயர் வந்துவிட்டது. வீடில்லாதவர்கள் இரவு முழுக்க அதில் ஏறி இறங்கித் தூங்கினார்கள். அதே சாலையில்தான் நாம் தோசை சாப்பிடப் போகிறோம்.

கூட்டம் வந்தால் நம் பள்ளிகள் நிரம்பி வழியும் என்று மனுவில் எழுதியிருக்கிறார்கள். நடந்தது நேர்மாறாக இருக்கிறது. குப்பர்டினோ தொடக்கப்பள்ளி நிர்வாகம் 2021-இல் வாக்கெடுத்து, ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற இரண்டு பள்ளிகளை அடுத்த ஆண்டே மூடியது. பிள்ளைகள் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போனதுதான் முக்கியக் காரணம். 20 லட்சம் டாலருக்குக் குறைந்து தனி வீடு கிடைப்பது அரிதான ஊரில் சின்னக் குழந்தையோடு யார் குடிவருவார்கள்? நல்ல பள்ளிக்காக இங்கே வந்த நாம் அந்தப் பள்ளிகளைக் காப்பாற்றவாவது புதிய வீடுகளை வரவேற்க வேண்டாமா?

குப்பர்டினோவில் இருந்த வால்கோ மால் என்ற பழைய வணிக வளாகத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இடத்தில் 2,402 வீடுகள் கட்ட 2018-இல் அனுமதி கிடைத்தது. அதில் பாதி, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 2020-இல் தோற்றார்கள். 2024 முடியும்வரை அங்கே ஒரு வீடுகூட எழும்பவில்லை. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் முதல் சில ஆண்டுகளைத் தின்றது எதிர்ப்புதான். அந்த ஆண்டுகளிலும் இந்த டே கேர் அம்மா போன்றவர்கள் தொலைவிலிருந்தே வந்துபோனார்கள்.

போக்குவரத்து நெரிசல் என்பீர்கள். அந்த நெரிசலில் ஒரு பங்கு இங்கே வீடு கிடைக்காமல் 60, 70 மைல் தள்ளியிருந்து காரில் வருகிறவர்களால் உண்டாவது. அவர்களுக்கு இங்கேயே வீடு கிடைத்தால் 101, 280 நெடுஞ்சாலைகளில் அத்தனை கார்கள் குறையும்.

கட்டினால் பலன் உண்டு என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாலோ ஆல்டோவில், கிராண்ட் அவென்யூவில், கவுண்டி தன் சொந்த நிலத்தைக் கொடுத்து ஆசிரியர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் 110 வீடுகள் கட்டவைத்தது. மெட்டா நிறுவனம் 2.5 கோடி டாலர் கொடுத்தது. பாடம் நடத்துகிற ஊரிலேயே ஆசிரியர் குடியிருக்க முடிகிறது.

நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான்கு பேராக ஒரே அபார்ட்மெண்டில் வாடகையைப் பங்குபோட்டு இருந்தவர்கள்தான். அன்று அந்த அபார்ட்மெண்டைக் கட்டவிடாமல் யாராவது தடுத்திருந்தால் நாம் எங்கே போயிருப்போம்?

அதனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கட்டடம் நகராட்சிக் கூட்டத்தில் விவாதத்துக்கு வரும்போது வாருங்கள். பொதுமக்கள் பேச ஆளுக்குச் சில நிமிடம் தருவார்கள். எதிர்ப்பவர்கள் எப்போதும் கூட்டமாக வந்துவிடுகிறார்கள். ஆதரிப்பவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். பெயரைச் சொல்லி, எந்தத் தெரு என்று சொல்லி, ‘எங்கள் பக்கத்தில் இது வரட்டும்’ என்று சொன்னால் போதும். நேரில் வர முடியாதவர்கள் அன்று மாலைக்குள் நகராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
சன்னிவேலிலிருந்து உங்களில் ஒருவர்