பியானோவுக்கு அடியில் தண்ணீர்

டென்வர்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு நண்பா,

இங்கு நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூன் மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பாதி தெரிந்து பாதி தெரியாமல் உனக்கு யோசனை சொல்ல மனம் ஒப்பவில்லை என்பதே இந்தத் தாமதத்துக்குக் காரணம். உன்னிடம் சிறு வயதிலிருந்து பியானோ கற்றுவரும் அந்தப் பெண்ணை அடுத்த கோடையில் ஆஸ்பன் இசைவிழாவின் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். என் மகள் இந்தக் கோடையில் எட்டு வாரம் அங்கே தங்கிப் பயின்றுவிட்டுச் சென்ற வாரம்தான் வீடு திரும்பினாள். வார இறுதிகளில் நானும் காரை எடுத்துக்கொண்டு 3,687 மீட்டர் உயரத்திலுள்ள இண்டிபெண்டன்ஸ் கணவாயைக் கடந்து போய்ப் பார்த்துவந்தேன். கண்ணால் கண்டதையும் அவள் வாயால் கேட்டதையும் அப்படியே எழுதுகிறேன்.

ஆஸ்பன், இங்கே கொலராடோ மலைகளில், நம் ஊட்டியைவிடச் சற்று உயரமான ஊர், ஏறக்குறைய 2,400 மீட்டர். ஆனால் ஊட்டியின் ஈரமும் மூடுபனியும் அங்கே கிடையாது. காற்று அத்தனை வறட்சி. முதல் வாரத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, உதடு வெடிக்கிறது, எந்நேரமும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்து, 1893-இல் வெள்ளியின் விலை சரிந்ததும் ஏறத்தாழ வெறிச்சோடிப் போன ஊர் அது. சிகாகோவைச் சேர்ந்த வால்டர் பெப்கே என்ற தொழிலதிபரும் அவருடைய மனைவி எலிசபெத்தும் 1949-இல் ஜெர்மன் கவிஞர் கதேயின் இருநூறாவது பிறந்த ஆண்டை அங்கே கொண்டாடினார்கள். ஆப்பிரிக்காவில் மருத்துவத் தொண்டாற்றிவந்த ஆல்பர்ட் சுவைட்சர் அங்கிருந்து வந்து உரையாற்றினார். ஆர்தர் ரூபின்ஸ்டைன் பியானோ வாசித்தார். கட்டடக் கலைஞர் ஏரோ சாரினென் வடிவமைத்த ஒரு கூடாரத்தில் நடந்த அந்தக் கொண்டாட்டம்தான் ஆண்டுதோறும் நடக்கும் விழாவாகவும் இளம் கலைஞர்களுக்கான பள்ளியாகவும் வளர்ந்தது. இப்போது இருப்பது 2000-இல் எழுப்பிய நிலையான கூடாரம். சுமார் 2,000 பேர் அமரலாம். அதன் பக்கங்கள் திறந்தே இருப்பதால் சீட்டு வாங்காதவர்களும் வெளியே புல்வெளியில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். மார்கழியில் சபா வாசலில் நின்று கேட்பவர்களைப் போல் ஒதுங்கி நிற்காமல், குழந்தை குட்டிகளோடு சாப்பாடும் எடுத்துக்கொண்டு உரிமையோடு வந்து அமர்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வறண்ட காற்றைப் பற்றி உன்னிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்ததும் நமக்குப் பியானோ சொல்லித்தந்த டீச்சர் வீட்டு நினைவுதான் எனக்கு வந்தது. பெரம்பூரில் அவர் வீட்டுப் பியானோவுக்குள், ஐப்பசி அடைமழை தொடங்கியதும், ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைப்பாரே, நினைவிருக்கிறதா? ஈரத்தில் கட்டைகள் அழுந்திய இடத்திலேயே நின்றுவிடும், கம்பிகள் துருப்பிடிக்கும், கம்பளித் துண்டுகளைப் பூச்சி அரிக்கும். அந்தச் சூட்டில்தான் நம் பியானோ உயிர் வாழ்ந்தது. ஆஸ்பனில் இதற்கு நேர்மாறு. மகளின் பயிற்சி அறையில் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோது, பியானோவின் அடிப்பாகத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பொருத்தியிருப்பதைக் கண்டேன். கம்பிகளின் அதிர்வைப் பெரிதாக்கித் தரும் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது, லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பது. வறட்சியில் மரம் சுருங்கி அந்த வளைவு தாழ்ந்தால் கம்பிகளின் இழுவிசை குறைந்து ஸ்ருதி இறங்கிவிடுகிறது, நாளடைவில் பலகையில் வெடிப்பும் விழுகிறது. அதைத் தடுக்கத்தான் அந்தத் தண்ணீர், சிறிது சிறிதாக ஆவியாகிப் பியானோவைச் சுற்றி ஈரத்தைக் காக்கிறது. ஸ்ருதி சேர்ப்பவர்கள் விடியற்காலையிலேயே வந்து, மாணவர்கள் எழுவதற்குள் பாதி அறைகளை முடித்துவிடுகிறார்கள் என்று மகள் சொன்னாள்.

பயிற்சி நடக்கும் வளாகம் ஊருக்கு வெளியே காசில் கிரீக் என்ற ஓடையை ஒட்டி, குளங்களுக்கு நடுவே இருக்கிறது. மற்ற மாதங்களில் அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. கோடையில் காலை முதல் இரவு வரை ஒவ்வொரு அறையிலும் யாராவது வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதில்தான் என் மகளுக்கு முதல் அடி விழுந்தது. இங்கே தன் கல்லூரியில் நன்றாக வாசிப்பவள் என்று பெயர் எடுத்தவள். அங்கே போன இரண்டாம் வாரம், தான் ஓராண்டாக உழைத்துத் தயாரித்த ஷோபனின் நான்காம் பல்லேட் என்ற பியானோ படைப்பைப் பக்கத்து அறையில் ஒருவர் தன்னைவிடத் தெளிவாக வாசிப்பதைக் கேட்டாள்; அடுத்த நாள் எதிர் அறையில் இன்னொருவர். அன்றிரவு தொலைபேசியில் அழுதாள். திரும்பி வந்துவிடட்டுமா என்றுகூடக் கேட்டாள். என் மனைவிதான், "அந்த வாரத்தை மட்டும் முடி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லித் தேற்றினாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். உன் மாணவிக்கும் இது நடக்கும். நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி அனுப்பு.

அவளை அங்கேயே தங்க வைத்தது பல்லேட் அல்ல, ஷூமன். பியானோ மாணவர்களைப் பிற வாத்தியக்காரர்களுடன் குழுவாகவும் சேர்த்துவிடுகிறார்கள். அவளுக்கும் ஒரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ வாசிப்பவர்களுக்கும் ஷூமன் 1842-இல் எழுதிய பியானோ நால்வரிசை கிடைத்தது. அதன் மூன்றாம் பகுதி மெதுவானது, செல்லோவின் பாட்டோடு தொடங்குகிறது. அந்தப் பகுதி முடிவதற்குள் செல்லோக்காரர் தம் கடைசிக் கம்பியை ஒரு முழுச் சுரம் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். மற்ற மூவரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, கேட்பவர்களுக்குத் தெரியாமல், காதைக் கம்பியருகே சாய்த்து முறுக்காணியைத் திருப்புகிறார். முடிவில் அந்தக் கம்பியின் அடிச்சுரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் அதன்மேல் மெல்ல மிதக்கிறார்கள். நான் ஒத்திகையில் இருந்த நாளில் கம்பி சரியாக இறங்கவில்லை. அடிச்சுரம் கொஞ்சம் உயர்ந்தே நின்றது. என் மகளோ அதைக் கவனிக்காமல் தன் பங்கை அழகாக வாசித்துக்கொண்டே போனாள். சொல்லிக்கொடுத்தவர் நிறுத்தி, பியானோவில் உன் சுரத்தை யாராலும் மாற்ற முடியாது, அதனாலேயே அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்க வேண்டிய கடமை உனக்குத்தான் அதிகம் என்றார். அவர் சுரத்தைத் தேடிப் பிடிப்பதற்கு இடம் கொடுத்து, இடது கையைக் குறைத்து, மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை சரியாக வந்தது. பக்கவாத்தியக்காரர் வயலினைத் திருத்திக்கொள்ளும்வரை ஆலாபனையை நீட்டிப் பாடும் நம் ஊர்ப் பாடகர்கள் என் கண்முன் வந்தார்கள். நம் டீச்சர் நமக்கு எல்லாம் சொல்லித்தந்தார், ஆனால் இதைச் சொல்லித்தர அவரிடம் வேறு வாத்தியக்காரர்கள் இல்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் தனியாகவே உட்கார்ந்து வாசித்தோம், தனியாகவே மதிப்பெண் வாங்கினோம். அத்தனை ஆண்டுகளில் நீயும் நானும் சேர்ந்து ஒரு நான்குகைப் பாட்டுகூட வாசித்ததில்லை. அதை எண்ணி இப்போது வருந்துகிறேன்.

கேட்போர் முன்னிலையில் ஆசிரியர் மாணவரைத் திருத்திச் சொல்லித்தரும் மாஸ்டர் கிளாஸ் பற்றி நீ குறிப்பாகக் கேட்டிருந்தாய். ஹாரிஸ் அரங்கில் நடப்பதைப் பொதுமக்களும் போய்க் கேட்கலாம். பெரும்பகுதி மண்ணுக்குள் அமைந்த, 500 இருக்கைகள் கொண்ட, மிக நல்ல ஒலி உள்ள இடம். நான் போன நாளில் ஓர் இளைஞர் பீத்தோவனின் ஓபஸ் 110 (படைப்பு எண்) சொனாட்டாவின் கடைசிப் பகுதியை வாசித்தார். அழுகைப் பாட்டு இரண்டாம் முறை வந்து தளர்ந்து ஓய்ந்த இடத்தில், ஒரே ஜி மேஜர் கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் அடுக்கு) பத்து முறை, படிப்படியாக ஓங்கிக்கொண்டு வரும் அல்லவா? அவர் அதைக் கை வலிமையால் ஏற்றிக் காட்டினார். ஆசிரியர் அவரை எழச் சொல்லி, அரங்கின் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, தாமே உட்கார்ந்து அந்தப் பத்தையும் வாசித்தார். ஒவ்வொன்றும் முந்தையது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் ஏறி வந்தது. பிறகு இளைஞரிடம் எத்தனையாவது கார்டில் உனக்கு நம்பிக்கை வந்தது என்று கேட்டார். ஏழாவதில் என்று அவர் பின்வரிசையிலிருந்து சொன்னார். சரி, அப்படியானால் ஆறுவரை உனக்கும் நம்பிக்கை இருக்கக்கூடாது என்றார் ஆசிரியர். திரும்பி வந்து அவர் வாசித்ததை நான் எழுத்தில் தர முடியாது. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிறு வயதில் வான் கிளைபர்னின் படத்தை நீ நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தாய். 1958-இல் மாஸ்கோவில் சாய்க்கோவ்ஸ்கி போட்டியில் வென்ற அவருக்கு ஜூலியார்டில் ஆசிரியையாக இருந்த ரோசினா லெவின் கோடைகளில் ஆஸ்பனில் கற்பித்தவர். பின்னாளில் இசைக்குழு நடத்துநராகப் பெயர்பெற்ற ஜேம்ஸ் லெவைன் அங்கே அவரிடம் பயின்றார். 1898-இல் மாஸ்கோவில் தங்கப் பதக்கம் பெற்ற பெண்மணி, திருமணத்துக்குப் பின் கணவர் ஜோசஃப் லெவினுடன் இரட்டைப் பியானோ வாசிப்பதோடும் கற்பிப்பதோடும் நின்றுகொண்டார். கணவர் 1944-இல் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு, 1963-இல், தம் 82-ஆம் வயதில், நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் ஷோபனின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். வாழ்நாளெல்லாம் இன்னொருவரின் வாசிப்புக்குக் காது கொடுத்துப் பழகியவர் என்பதால்தான் அந்த வயதில் அப்படி வாசிக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். பதிவைக் கேட்டுப் பார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அனுப்பு. ஆனால் போட்டிக்காக அனுப்பாதே. கான்செர்ட்டோ போட்டியில் வென்றால் இசைக்குழுவுடன் வாசிக்கும் வாய்ப்பு உண்டு, என் மகளுக்கு அது கிடைக்கவில்லை, அதற்காக அந்தக் கோடை வீணாகவும் இல்லை. குளிர்காலத்திலேயே ஒளிப்பதிவுகளைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே தீபாவளிக்குள் தயாராகட்டும். விசாவுக்கும் நாள் பிடிக்கும். ஆஸ்பன் பணக்காரர்களின் ஊர், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் செலவு மிக அதிகம். உதவித்தொகை உண்டு என்றாலும் அது உறுதியான பிறகே அந்தக் குடும்பம் கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போவதற்கு முன் உங்கள் ஊரிலேயே வயலின் வாசிக்கும் யாராவது ஒருவரைப் பிடித்து, மொசார்ட்டின் சொனாட்டா ஒன்றை அவருடன் ஆறு மாதம் வாசிக்கச் செய். வயலின்காரர் சுமாராக வாசிப்பவர் என்றால் இன்னும் நல்லது. அவள் அதிகம் கேட்க வேண்டியிருக்கும்.

டென்வரில் எங்கள் வீட்டில் அவள் தங்கிக் கொள்ளலாம், மலைக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன். விமானத்தில் இறங்கிய கையோடு மலையேறாமல், இரண்டு நாள் இங்கே இருந்து உடம்பைப் பழக்கிக்கொள்ளட்டும்.

டீச்சர் வீட்டுப் பியானோ இப்போது யாரிடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பல்பு எத்தனை வாட் என்று அவள் கேட்டாள். நாற்பது என்றேன், அறுபதோ என்று சந்தேகமாக இருக்கிறது. மழைக்கு முன் அதை மாற்றும் வேலை உன்னுடையதுதானே. நினைவிருந்தால் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்