தெரிந்ததைச் சொல்லி விற்பனை செய்யுங்கள்: பழைய ஒயின் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏல நிறுவனத்தாருக்கும், தரகர்களுக்கும், சொந்தச் சேகரிப்பிலிருந்து விற்பவர்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டு பாட்டில் கொண்ட பழைய சிவப்பு ஒயின் பெட்டியில் ஒன்றைத் திறக்கிறீர்கள். நிறம் முழுக்கப் பழுப்பேறியிருக்கிறது. முகர்ந்தால் வாடிய ஆப்பிளும் வினிகரும் கலந்த நெடி. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை; கொட்டிவிடுகிறீர்கள். சில நாட்களில் மீதிப் பதினொன்றும் "அரிய சேகரிப்பு" என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. கொட்டிய பாட்டிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

"திறக்காத பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்பீர்கள். பாதி நியாயம். கார்க்கால் வரும் கெடுதல் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்து பழ மணத்தை அமுக்கிவிடும். எந்தக் கார்க்கில் அது ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்த இழப்பு வாங்குபவரைச் சேர்ந்தது. பழைய ஒயின் வாங்கும் நாங்கள் அதை அறிந்தேதான் வாங்குகிறோம்.

வெப்பத்தின் கதை வேறு. 12, 13 டிகிரி செல்சியஸில் அசையாமல் கிடக்க வேண்டிய பெட்டி, சில கோடைகளைச் சாதாரண அறையில் கழித்தால் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளுகிறது. குளிர்ந்ததும் சுருங்கி, காற்று உள்ளே நுழைய இடம் கொடுக்கிறது. அந்தச் சூடு ஒரு பாட்டிலில் மட்டும் பட்டிருக்காது, பெட்டி முழுவதிலும் பட்டிருக்கும். ஒன்றைத் திறந்து அந்தச் சேதத்தைக் கண்டவர், மற்றவற்றைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த ஒரு கார்க் மட்டும் பழுதாக இருந்திருக்கலாமே என்றால், இருந்திருக்கலாம். அதை எடைபோட்டு வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை பணம் கொடுப்பவருடையது. அவருக்குத் தெரியாமல் அந்த முடிவை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒயின் மட்டம் இறங்க இறங்க, உள்ளே காற்று கூடியிருக்கிறது என்று பொருள். அதனால் தோள் நிமிர்ந்த போர்தோ பாணிப் பாட்டிலில் மட்டம் கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்று பார்ப்போம். தோள் சரிந்த பர்கண்டிப் பாட்டிலில் கார்க்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்போம். நாற்பது ஆண்டு ஒயின் தோளின் மேற்பகுதி வரை இறங்கியிருப்பது இயல்பு. பத்தே ஆண்டான ஒயினில் அதே மட்டம் என்றால் கவலைப்பட வேண்டும். ஆனால் பட்டியலில் வரும் படமோ, லேபிளை மட்டும் நெருக்கத்தில் காட்டிவிட்டுக் கழுத்தை வெட்டிவிடுகிறது. மூடியுறைக்குக் கீழே கசிந்து காய்ந்திருந்த பிசுக்கு நன்றாகத் துடைக்கப்பட்டிருக்கிறது. துடைத்தவருக்கு அது என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? இத்தனைக்கும், நீங்கள் மறைக்க நினைக்கும் லேபிளின் ஈரக்கறையைக் கண்டு நாங்கள் பயப்படுவதில்லை. கார்க்கைக் காயவிடாத ஈரப்பதமான நிலவறையில் இருந்ததற்குப் பெரும்பாலும் அதுவே சாட்சி.

இந்த வியாபாரத்தில் தவறு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகின்றன. வாங்கியவர் உடனே திறப்பதில்லை. ஒரு நல்ல நாளுக்கென்று எடுத்து வைக்கிறார். திறக்கும் நாளில் புகார் சொல்லும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். பழி ஒயின் தயாரித்தவர் மேல் விழும். புதிதாக இந்த உலகத்துக்குள் வந்தவராக இருந்தால், பழைய ஒயின் என்றாலே இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை என்று தன் நாக்கையே நொந்துகொள்வார். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

போலி ஒயின் விற்ற ரூடி குர்னியவானுக்கு 2014இல் நியூயார்க் நீதிமன்றம் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இன்று நீங்கள் லேபிளையும் கார்க்கையும் கண்ணாடியையும் ஆராய்ந்து, அசல்தான் என்று உறுதி சொல்கிறீர்கள். மகிழ்ச்சி. குடிக்கத் தக்கதா என்று கேட்டால் மட்டும் "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறீர்கள். பென்ஃபோல்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஒயின் நிறுவனம் 1991 முதல் முகாம்கள் நடத்தி, 15 ஆண்டு தாண்டிய தன் சிவப்பு ஒயின்களைத் திறந்து, சுவைத்து, புதுக் கார்க் இட்டுத் தருகிறது. தேறாதவற்றுக்குச் சான்று கிடையாது. எல்லோரும் அந்த அளவுக்குச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கேட்பது சிறிது. ஒயின் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தது, எத்தனை கை மாறியது என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அதுவும் எங்களுக்குப் பயன்படும். பின்னால் விளக்கு வைத்து, மட்டம் தெரியும்படி படம் எடுங்கள். அதே பெட்டியில் ஏதாவது திறக்கப்பட்டிருந்தால் எப்படி இருந்தது என்று விற்பவரிடம் கேட்டு, அவர் பதிலை அப்படியே அச்சிடுங்கள். கெட்டுப்போனது என்று உறுதியாகத் தெரிந்த பாட்டிலை லேபிளுக்காக மட்டும் வாங்குவோர் இருக்கிறார்கள். குடிப்பதற்கல்ல என்று எழுதி அவர்களிடம் விற்கலாம். நற்பணி ஏலத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். அங்கே வாங்கியவர் வாய்திறந்து புகார் சொல்லவும் கூசுவார்.

இப்படி எழுதினால் விலை இறங்கும் என்பது உங்கள் அச்சம். சில பெட்டிகளுக்கு இறங்கத்தான் செய்யும். அந்தப் பெட்டிகளின் உண்மையான விலை அதுதான்.

இப்படிக்கு,
பழைய ஒயினை வாங்கி, திறந்து, குடிக்கும் ஒருவன்