அடை வைத்த தேதியைச் சொல்லு

செம்பவாங், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புத் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நேற்று போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அப்பத்தாவுக்கும் வாசித்துக் காட்டு. கடைசிப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து அடுக்களைச் சுவரில் ஒட்டிக்கொள்.

ஒரே வாரத்தில் நம் கோழியில் பதினொரு உருப்படி போய்விட்டது என்றாய். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, கழுத்து திருகிக்கொண்டது என்று நீ சொல்லும்போதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வெள்ளைக்கழிச்சல்தான் என்று மாட்டு டாக்டரும் சொல்லிவிட்டார். இதில் உன் தப்பு எதுவும் இல்லை தங்கம். சந்தையில் நல்ல சேவலாகப் பார்த்து வாங்குங்கள் என்று இங்கிருந்து சொன்னது நான். வாங்கியதைத் தனியாகக் கட்டிப் போடுங்கள் என்று சொல்ல மறந்ததும் நான். அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது கூடையில் வைத்துக் கொண்டுவந்த சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வர்க்கம் அது. ஊரெல்லாம் பண்ணைக் குஞ்சு வாங்கிக் கலப்பாகிப் போன பிறகும் நம் வீட்டில்தான் அந்தச் சாம்பல் நிறம் நின்றது. இப்போது இரண்டு பெட்டையும் ஒரு சேவலும்தான் மிச்சம். மூன்று இருந்தாலும் போதும். மறுபடி கொண்டுவந்துவிடலாம்.

நான் வேலை செய்யும் வீட்டுத் தாத்தா கோழி வளர்க்கிறார் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். இங்கே பெரும்பாலானவர்கள் அரசாங்க அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் கோழி வளர்க்க விடமாட்டார்கள். இது மண்ணோடு சேர்ந்த வீடு என்பதால் வளர்க்கலாம், ஆனால் பத்துக்கு மேல் கூடாது. காக்கை, மைனா உள்ளே வராதபடி கூடு முழுக்க வலை போட்டிருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பயம்தான் காரணம். நம் வீட்டில் மைனாவும் கோழியும் ஒரே தட்டில் கம்பு தின்னும், நாம் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். இப்போது அதை நினைத்தாலே பகீர் என்கிறது.

தாத்தாவிடம் இருப்பது செராமா. மலேசியாவில் கிளந்தான் பக்கத்துக் கோழி. உலகத்திலேயே சின்ன ஜாதி இதுதான் என்கிறார்கள். சேவலே அரைக்கிலோ வராது. ஆனால் நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டும்! நெஞ்சை முன்னால் தள்ளி, தலையைப் பின்னால் வாங்கி, வாலை நட்டுக்குத்தாக வைத்து, இறக்கையைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு நிற்கும். என் உள்ளங்கையில் ஒரு பெட்டை முழுசாக உட்காரும். ஒரு சேவல், இரண்டு பெட்டை. சேவல் விடியக் காலையில் கூவி அக்கம்பக்கத்தை எழுப்பிவிடக் கூடாது என்று, ராத்திரியில் அதை இருட்டான பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குள் எடுத்து வருவேன்.

பெட்டை அடைக்கு உட்காராததால் தாத்தா இன்குபேட்டர் வாங்கினார். முதல் தடவை எட்டு முட்டை வைத்தோம். சூடு 37.5 டிகிரியில் சரியாக நின்றது. புத்தகத்தில் போட்டபடி தண்ணீர்க் குழி இரண்டையும் நிரப்பி வைத்தார். ஏழாம் நாள் செல்போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தபோது எட்டிலும் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடியது. தாத்தா சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பொரித்தது ஒன்றே ஒன்று. மற்றதை உடைத்துப் பார்த்தால், முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஈரத்தில் ஊறிச் செத்திருந்தது. ஓடு வழியாக முட்டையின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினால்தான் அகலமான பக்கத்தில் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை அந்த அறையில்தான் இழுக்கும். இந்த ஊர்க் காற்றே ஈரத் துணி மாதிரி. அதில் இரண்டு குழியும் நிறையத் தண்ணீர் வைத்தால் முட்டை எப்படி வற்றும்? வெயில் காய்கிற நம்மூருக்கு ஒரு கணக்கு, இந்த ஊருக்கு ஒரு கணக்கு. பொரித்த அந்த ஒன்றும் மூன்றாம் நாள் போய்விட்டது.

இரண்டாவது தடவை ஒன்பது முட்டை. தண்ணீரே வைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். தாத்தா சந்தேகமாகத்தான் பார்த்தார். பதினாறாம் நாள் வரை தண்ணீர் இல்லாமலே விட்டு, பதினேழாம் நாள் திருப்புவதை நிறுத்தி, அப்போதுதான் இரண்டு குழியிலும் நீர் ஊற்றினோம். செராமா நம் கோழி மாதிரி இருபத்தொரு நாள் எடுக்காது, பத்தொன்பது இருபதிலேயே ஓட்டைக் கொத்தும். ஏழு குஞ்சு வந்தன. பழைய மூன்றும் சேர்ந்து கணக்காகப் பத்து. ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. அன்றைக்கு நான் கேசரி செய்தேன்.

அப்புறம் நடந்ததைத்தான் உன்னிடம் போனில் சொல்லவே இல்லை. டிசம்பர் மழை. இங்கே மழை விடாமல் பெய்யும். குஞ்சுகளுக்கு நாலு வாரம். மரத்தூள் படுக்கை ஓரத்தில் நனைந்திருந்தது, நான் நாளைக்கு மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு குஞ்சு இறகை உப்பிக்கொண்டு மூலையில் கண் மூடி நின்றன. குளிர் என்று நினைத்தேன். பல்பைத் தாழ்த்தினேன், அப்பத்தா கொடுப்பது மாதிரி மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுத்தேன். எச்சத்தில் ரத்தம் பார்த்த பிறகும் ஒரு ராத்திரி பொறுத்தேன். எனக்குத் தெரியாத கோழியா என்ற நினைப்பு. விடியும்போது மூன்று செத்துக் கிடந்தன. பறவை டாக்டரிடம் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக்கழிச்சல். ஈரப் படுக்கையில் பெருகி, குஞ்சு கொத்தித் தின்னும்போது குடலுக்குள் போகிற கிருமி. குடிதண்ணீரில் ஆம்ப்ரோலியம் கலந்து கொடுக்கச் சொன்னார். நாலும் பிழைத்துக்கொண்டன. தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் தங்கம், ரத்தக்கழிச்சலுக்காவது மருந்து உண்டு. வெள்ளைக்கழிச்சலுக்கு வந்த பிறகு மருந்தே கிடையாது. வருவதற்கு முன்னால் போடுகிற தடுப்பு மருந்துதான்.

இந்த ஊரில் சிவப்புக் காட்டுக்கோழி இருக்கிறது தெரியுமா? உலகத்துக் கோழிக்கெல்லாம் மூதாதை அதுதான். போன மாதம் லீவு நாளில் தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு, சிநேகிதியோடு பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போனேன். சாம்பல் கால், காதுப் பக்கம் வெள்ளைத் திட்டு, நம் சேவல் மாதிரியே ஒன்று குஞ்சுகளோடு போன பெட்டைக்குப் பின்னால் நடந்து போனது. யாரும் விரட்டவில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். இன்று காலை தாத்தாவைப் பக்கத்து வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் 70 டிகிரி, பூமியிலிருந்து தானாக வருகிறது. அதில் எல்லாரும் முட்டை வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த முட்டைகளைப் பார்க்கப் பார்க்க உன் ஞாபகம்தான்.

நம் முட்டையை இங்கே கொண்டுவரவும் வழியில்லை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். அந்த வர்க்கம் உன் கையில்தான் இருக்கிறது. இனி எழுதுவதைச் சுவரில் ஒட்டு.

செத்த கோழியைக் கண்மாயில் வீசாதே. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடு. பழைய கூட்டின் மண்ணைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவிடு. ஒரு மாதமாவது அதில் எதையும் அடைக்காதே. தப்பிய மூன்றையும் திண்ணைப் பக்கம் வை. வேறு வீட்டுக் கோழியைப் பார்த்துவிட்டு வந்தால் கால் கழுவாமல் அவற்றிடம் போகாதே. வெளியிலிருந்து எது வந்தாலும் மூன்று வாரம் தனிக் கூடை.

அடைக்கு ஒன்பது முட்டை போதும், சின்னப் பெட்டை அதற்கு மேல் மூடாது. ஏழு நாளைக்கு மேல் பழைய முட்டை வேண்டாம். கூடையில் கரித்துண்டும் இரும்பும் அப்பத்தா போடட்டும், தடுக்காதே. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து லசோட்டா, கண்ணில் ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடி ஒரு சொட்டு. எட்டாவது வாரம் ஊசி. கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமை போடுவார்கள், முதல் நாளே போய்க் கேட்டுவிடு. மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஐஸ் பிளாஸ்கில் வை, கரைத்ததும் உடனே போட்டு முடி. சோர்ந்த குஞ்சுக்கு அன்றைக்குப் போடாதே. தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கொட்டிக் கழுவு, கொசு வந்தால் கோழி அம்மையும் வரும். படுக்கை நனைந்தால் அன்றைக்கே மாற்று, நாளைக்கு என்று விடாதே.

எந்தப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது, என்றைக்கு முட்டை வைத்தாய் என்று சொல்லு. இங்கே தாத்தாவின் தினசரிக் காலண்டரில் இருபத்தொரு நாளும் நான் குறித்து வைக்கிறேன். இருபதாம் நாள் ராத்திரி நீ தூங்க வேண்டாம், போனைக் கூடைக்குப் பக்கத்தில் வை. இங்கே கடிகாரம் உனக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். விழித்துத்தான் இருப்பேன்.

அம்மா