கோட்டைக்குள் இருந்த பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வருஷா வருஷம் ஜூலை 10 வந்தால், 1806-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்த வேலூர்ப் புரட்சி பற்றி உங்கள் நாளிதழில் கட்டுரை வருகிறது, ஊர்க்காரன் என்பதால் ஒன்றுவிடாமல் படிக்கிறேன். புதுத் தலைப்பாகை, நெற்றியில் திருநீறு கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்ற உத்தரவு, அதை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தது, சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது, எல்லாம் இருக்கும். நடுவில் 'கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்கள்' என்று ஒரே ஒரு வரி. அந்த மகன்களுக்குப் பெயர் கூட இருக்காது.

போன மாதம் கோட்டைக்குள் காலை நடைக்குப் போயிருந்தபோது, அந்த மகன்களை வைத்திருந்த திப்பு மஹால் பக்கம் வந்ததும் கூட வந்த நண்பர் சொன்னார்: "அவங்களுக்கு என்ன சார் குறை, மாளிகை, வேலையாள், மாசாமாசம் பென்ஷன், ராஜ வாழ்க்கைதானே." அவர் மட்டும் இல்லை, பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த மகன்களில் ஒருவர் மொய்சுதீன். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் திப்புவைப் பணியவைத்தபோது, பாதி ராஜ்ஜியமும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் தர வேண்டும் என்று ஒப்பந்தம். நம்முடைய திண்டுக்கல்லும், சேலம் கிருஷ்ணகிரி அடங்கிய பாரமஹாலும் கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான். சொன்னபடி நடக்கும்வரை பிணையாக இரண்டு பிள்ளைகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். மூத்தவன் அப்துல் காலிக், இளையவன் மொய்சுதீன். இளையவனுக்கு அப்போது எட்டு வயதுக்கு மேல் இருக்காது.

பிப்ரவரி 26-ந் தேதி அலங்கரித்த யானைகள் மேல் பிள்ளைகளை ஏற்றி ஆங்கிலேயர் பாசறைக்கு அனுப்பினார்கள். வெள்ளை மஸ்லின் அங்கி, சிவப்புத் தலைப்பாகை, கழுத்தில் முத்து மாலை. காரன்வாலிஸ் கூடாரத்துக்கு வெளியே வந்து கட்டியணைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். இந்தக் காட்சியை ராபர்ட் ஹோம் உட்படப் பல ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். படத்தில் காரன்வாலிஸ் ஒரு அப்பாவைப் போலத் தெரிவார், அப்படித் தெரியவேண்டும் என்றுதான் வரைந்தார்கள். ஆனால் அன்று பக்கத்தில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சின்னப் பையனின் அம்மா, பிப்ரவரி முதல் வாரத்தில் நடந்த தாக்குதலில் பயந்துபோய் அடுத்த சில நாட்களில் இறந்துவிட்டாளாம். அதாவது தாயைப் பறிகொடுத்து மாதம்கூட ஆகாத பிள்ளையைத்தான் யானை மேல் ஏற்றி எதிரியிடம் அனுப்பினார்கள். தங்கக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

இரண்டு வருஷம் சென்னையில் வைத்திருந்து, 1794-ல் தேவனஹள்ளியில் தகப்பனிடம் திருப்பி விட்டார்கள்.

ஐந்து வருஷம்தான். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அன்று சாயந்திரம் அரண்மனைக்குள் ஆங்கிலேயப் படையின் மேஜர் ஆலன் போனபோது, அங்கே கம்பளத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் மொய்சுதீனும் இருந்தார். முன்பு பிணையாகக் கொடுத்தபோது பார்த்த அதே பையன் என்று ஆலனுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. கதவைத் திறக்கச் சொன்னதற்கு, தகப்பனார் உத்தரவில்லாமல் திறக்க முடியாது என்று தயங்கியிருக்கிறார். தகப்பனார் அந்நேரம் கோட்டை வாசல் ஒன்றில் பிணக்குவியலுக்கு நடுவே கிடந்தார். எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மேற்கொண்டு படிக்க முடிவதில்லை.

அப்புறம்தான் வேலூர். இங்கே ஏழு வருஷம். மாளிகை இருந்தது, பணமும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் யார் வீட்டுப் பணம்? திப்புவின் நாட்டைக் கம்பெனியும் ஹைதராபாத் நிஜாமும் பங்கு போட்டுக்கொண்டபோது அந்த நாட்டு வருவாயிலிருந்தே ஒதுக்கிய தொகைதான் அது. நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். நம் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, நம்மைத் திண்ணையில் உட்காரவைத்து, வீட்டு வாடகையில் கொஞ்சம் நமக்கே கொடுத்தால் அதற்குப் பெயர் ராஜ வாழ்க்கையா? வாசலில் காவல் வேறு.

1806 ஜூலை 10 விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள், மைசூரின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது, சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. பின்னால் நடந்த விசாரணையில் மொய்சுதீன் மேல்தான் சந்தேகம் அதிகம் விழுந்தது. அவர் தூண்டினாரா இல்லையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. தூண்டியிருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். அந்த வருஷமே சகோதரர்கள் எல்லோரையும் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மைசூருக்குத் திரும்பும் வழியே அடைபட்டுப் போனது. 1842-ல் தம்பி குலாம் முகமது அங்கே தர்மதலாவில் கட்டிய பள்ளிவாசலை இன்றும் திப்பு சுல்தான் மசூதி என்றுதான் சொல்கிறார்கள். அரண்மனைப் பெண்களில் சிலருக்கோ வேலூரே கடைசி ஊர். பக்ஷி பேகம், பாதுஷா பேகம் கல்லறைகள் கோட்டைக்குக் கிழக்கே இருக்கின்றன, உள்ளூரில் பிறந்தவர்களிலேயே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

திப்பு நல்லவரா கெட்டவரா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அது வேறு பேச்சு, அதைப் பெரியவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அந்தச் சின்னப் பிள்ளையைப் பற்றி.

இதே கோட்டையில் பத்து வருஷம் கழித்துக் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்து வைத்தார்கள், 1832-ல் இறக்கும்வரை அவரும் கைதிதான். அவருக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். திப்பு மஹாலைத் தாண்டிப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அப்துல் காலிக், மொய்சுதீன் என்ற பெயர்களாவது தெரியட்டும், அங்கே தமிழில் நாலு வரி எழுதி வைக்கச் சொல்லி உங்கள் நாளிதழ் கேட்டால் அதற்கு மதிப்பு உண்டு.

அடுத்த ஜூலை கட்டுரையில் அந்த ஒரு வரியை ஒரு பத்தியாக்குங்கள். இடம் போதாதென்றால் கில்லஸ்பி வந்த கதையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
வேலூர்.