அரை சதவீத வரிக்கு ஓட்டுப் போடும் முன்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. கடை நன்றாக ஓடுகிறது என்பதில் மகிழ்ச்சி. நவம்பரில் உங்கள் ஊரில் விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டக் கேட்கிறார்களே, என்ன செய்யலாம் என்கிறாய். ஓட்டு உன் இஷ்டம். எதைப் பார்த்துப் போடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

கலிபோர்னியா முழுக்க அடிப்படை வரி 7.25 சதவீதம். அதற்கு மேல் இருப்பதெல்லாம் அந்தந்த ஊரும் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஓட்டெடுத்து ஏற்றிக்கொண்டவை. சான் ஹோசே 2016இல் கால் சதவீதம் ஏற்றியது, 15 ஆண்டுக்கு. சான்டா கிளாரா கவுண்டி 2025 நவம்பரில் 5/8 சதவீதம், ஐந்தாண்டுக்கு.

உங்கள் ஊரில் வருவது பொது வரியா, தனிச் செலவுக்கான வரியா என்று பார். 1996இல் மாநில வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த புரொப்பொசிஷன் 218 என்ற சட்டத்தின்படி பொது வரிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும். நகரசபை கொண்டுவரும் தனி வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எந்தச் சபை கஷ்டமான வழியில் போகும்? பொது வரி என்று வைத்துவிட்டு, வாக்குச் சீட்டில் மட்டும் 'சாலைப் பள்ளம், 911 அவசர சேவை, பூங்கா' என்று அடுக்குவார்கள். அந்த அடுக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. பணம் பொது நிதியில் விழும். அதிலிருந்து ஓய்வூதியப் பாக்கியைக் கட்டினாலும் சட்டப்படி சரிதான். மேற்பார்வைக் குழு உண்டு என்பார்கள். அது பெரும்பாலும் கணக்கைப் பார்த்து அறிக்கை எழுதும், செலவை நிறுத்தாது.

வரி வீதம், காலம், ஆண்டு வருமானம் மூன்றும் சீட்டிலேயே இருக்க வேண்டும். 'வாக்காளர்கள் ரத்து செய்யும் வரை' என்றிருந்தால் அதற்குக் கெடு கிடையாது. வாக்காளர் கையேட்டில் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை விட நகர வழக்கறிஞரின் விளக்கத்தைப் படி, சுருக்கமாகத்தான் இருக்கும்.

வீட்டுச் செலவில் அரிசி, பருப்பு, காய்கறிக்கும் மருந்துச் சீட்டுக்கு வாங்கும் மருந்துக்கும் வரியே இல்லை. கார்தான் இடிக்கும்: 30,000 டாலர் வண்டிக்கு 150 டாலர் கூடும். பக்கத்து ஊரில் வாங்கித் தப்பலாம் என்று பார்க்காதே, வண்டியைப் பதியும் முகவரிக்கு உரிய வரிதான்.

இனி உன் கடை. நவம்பரில் நிறைவேறினால் பொதுவாக ஏப்ரல் 1 முதல் அமல். மாநில வரித்துறைக்கு 110 நாளுக்கு மேல் அவகாசம் வேண்டும், அதன் பிறகு வரும் காலாண்டின் முதல் நாளில்தான் தொடங்கும். மார்ச் 31 இரவு கடையை மூடிய பிறகு பில்லிங் மெஷினில் வீதத்தை மாற்று. கூடவே பொருள் வகைகளையும் சரிபார்: உறைய வைத்த சமோசாவுக்கு வரி இல்லை, சுடச்சுடக் கட்டிக் கொடுத்தால் உண்டு. கற்பூரம், ஊதுபத்தி, குக்கர், சோடா எல்லாவற்றுக்கும் உண்டு. வீதத்தை ஜிப் கோடை (அஞ்சல் குறியீட்டை) வைத்துப் போடாதே. ஒரே ஜிப்பில் இரண்டு ஊர் இருக்கும். வரித்துறைத் தளத்தில் தெரு முகவரி கொடுத்துப் பார். குறைவாக வாங்கினால் மிச்சம் உன் கையிலிருந்து போகும். கூடுதலாக வாங்கியதை வாடிக்கையாளரிடம் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். மார்ச்சில் வாங்கிய குக்கர் ஏப்ரலில் திரும்பி வந்தால் பழைய பில்லில் உள்ள வரியைத்தான் கொடு.

வாக்காளர் கையேடு வந்ததும் வழக்கறிஞர் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராகவன்