1.4 என்பது பிறப்பு விகிதம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டின் 'பிறப்பு விகிதம்' 1.4 ஆகச் சரிந்துவிட்டதாகச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் தலைப்பு வந்திருந்தது. முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக இ.சி. ரிஜிஸ்டர் (தகுதியுள்ள தம்பதிகள், அதாவது மனைவி பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதிகளின் பதிவேடு) எழுதியவள் நான். படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

1.4 என்பது கருவள விகிதம். இன்று ஒவ்வொரு வயதிலும் பெண்கள் எந்த அளவில் பிள்ளை பெறுகிறார்களோ, அதே அளவில் ஒருத்தி 15 வயது முதல் 49 வரை பெற்றால் மொத்தம் எத்தனை ஆகும் என்ற கணக்கு அது. (சிலர் இதைக் 'கருவுறுதல் விகிதம்' என்று எழுதுகிறார்கள். கருவுற்றதெல்லாம் பிரசவம் வரை வருவதில்லை என்று எங்களைக் கேட்டால் சொல்வோம்.) பிறப்பு விகிதம், ஆயிரம் பேருக்கு அந்த ஆண்டில் எத்தனை குழந்தை பிறந்தது என்பது. அந்த ஆயிரத்தில் ஆண்கள், பால்குடிப் பிள்ளைகள், என்னைப் போன்ற கிழவிகள் எல்லாரும் அடக்கம். பிறப்பு, இறப்பு விகிதங்களை மாதிரி இடங்களில் கணக்கெடுத்துச் சொல்லும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020க்கான அறிக்கைப்படி நமக்கு அது 13.8. நிஜமாகவே 1.4 என்றால், ஏழரைக் கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைதான் பிறக்கும். பிரசவ வார்டுகளில் பத்துக்கு ஒன்பது கட்டில் காலியாகக் கிடக்க வேண்டும்.

அதே அறிக்கையில் கேரளத்தைப் பாருங்கள். பிறப்பு விகிதம் 13.2, நம்மைவிடக் குறைவு. கருவள விகிதமோ 1.5, நம்மைவிட அதிகம். அச்சுப்பிழை இல்லை. அங்கே முதியவர்கள் அதிகம். ஆயிரம் பேரை எடுத்தால் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் குறைவு.

இதை நான் திட்டு வாங்கித்தான் புரிந்துகொண்டேன். ஓர் ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர், "உங்க ஏரியாவுல பர்த் ரேட் இவ்வளவு இறங்கியிருக்கே, கேஸ் எதுவும் விட்டுட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ரிஜிஸ்டரை விரித்து மேலத்தெருப் பக்கத்தைக் காட்டினேன். 31 வீடு. தகுதியுள்ள தம்பதி நான்கே ஜோடி. நான்கு பேருக்கும் வழக்கம்போல் இரண்டிரண்டு பிள்ளைகள். மற்ற வீடுகளில் பேரப்பிள்ளை போட்டோவை மாட்டிவைத்துக்கொண்டு தாத்தாவும் பாட்டியும்தான். பெற வேண்டியவர்கள் திருப்பூரில் பெற்றுக்கொண்டிருந்தார்கள்! அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த துணை சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டார்.

நகராட்சிகளின் பிறப்புப் பதிவை வைத்து எழுதும்போதும் கவனம் வேண்டும். குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவு. எங்கள் கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்குப் போவதெல்லாம் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு. தலைப்பிரசவத்துக்கென்று தாய்வீடு வந்தவர்களும் அங்கேதான். எல்லாப் பிள்ளையும் அந்த நகராட்சிக் கணக்கில் ஏறும். அதை அந்த ஊர் மக்கள்தொகையால் மட்டும் வகுத்தால், அங்கே வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடுவதுபோலத் தெரியும்.

இனி 1.4, 2.1 போன்ற எண் வந்தால் 'பெண் ஒருவருக்கு' என்றும், 13, 19 என்று வந்தால் 'ஆயிரம் பேருக்கு' என்றும் தலைப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சென்ற வாரச் செய்திக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், சிவகங்கை மாவட்டம்